மகளை அயர்லாந்துக்குக் கூட்டிப் போக என் ஒப்பு (கையெழுத்து) கேட்கிறாள் மனைவி. நான் என்ன செய்யலாம்?

பால்வெட்டு, குலசேகரம்

வணக்கம். ஊரில் யாரிடமும் கேட்க மனம் வராமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துப் படியுங்கள்.

எனக்குக் குலசேகரம் பக்கம். சொந்தமாக 180 ரப்பர் மரம் இருக்கிறது. அது போக அடுத்த விளையில் (தோட்டத்தில்) 300 மரம் பால் வெட்டுக்கு எடுத்திருக்கிறேன். என் மனைவி நர்ஸ். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகிறது. கடைசி மூன்று வருடமாகத் தனித்தனியே இருக்கிறோம். குடி, அடி, சந்தேகம் எதுவும் எங்களுக்குள் இல்லை. அவளுக்கு மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. நான் இரவு எட்டரைக்குப் படுத்து மூன்று மணிக்கு எழும்பி, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விளைக்குப் போகிறவன். அவள் வீட்டுக்கு வரும்போது நான் பால் எடுத்துக்கொண்டிருப்பேன், நான் சாப்பிட வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். இருவரும் விழித்திருக்கும் கொஞ்ச நேரமும் கணக்கும் குறையுமாகவே போனது. ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு கருங்கல் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. போதகர் இரண்டு தடவை பேசிப் பார்த்தார். கோர்ட்டுக்கு இருவருமே போகவில்லை, டைவர்சும் இல்லை.

வாய்ப்பேச்சில் ஒரு ஏற்பாடு மட்டும் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பைக்கில் போய் மகளைக் கூட்டி வருவேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மத்தியானம் சாப்பிட வைத்துக் கொண்டு விடுவேன். மூன்று வருடத்தில் மழைக்காக இரண்டு தடவையும், எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு தடவையும் தவறியிருக்கிறது. அவ்வளவுதான்.

மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. சனிக்கிழமை அவளுக்காக வீட்டை ஒட்டிய கடைசி வரிசையில் இருபது மரத்தை வெட்டாமல் விட்டு வைப்பேன். வெளிச்சம் வந்ததும் எழுந்து, பல் கூடத் தேய்க்காமல் ஓடி வருவாள். முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலை அவள்தான் உரிக்க வேண்டும். அதை நடுவில் அறாமல், ஒரே நீளமாக உரித்து எடுப்பதுதான் அவளுக்குப் பெரிய காரியம். அறுந்துபோனால் முகம் சுருங்கிவிடும். உரித்ததையெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரு பந்தாக வைத்திருக்கிறாள். முதலில் எலுமிச்சங்காய் அளவு இருந்தது. இப்போது உரிக்காத தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. நாற்றம் தாங்காமல், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்கும் புகைப்புரைக்குள் வைத்திருக்கிறோம். ஒட்டுப்பால் எடுக்க வரும் வியாபாரி ஒவ்வொரு தடவையும் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார். நான் கொடுத்ததில்லை.

மூன்று வாரம் முன்பு அவளைக் கொண்டு விடப் போனபோது மனைவி வாசலில் நின்று ஒரு கவரைத் தந்தாள். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு எழுதும் ஓ.இ.டி. என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாளாம். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை சரியாகியிருக்கிறது. முதலில் அவள் மட்டும் போவாள், வீடு பார்த்து நிலைத்ததும் மகளை அழைத்துக்கொள்வாள். கவருக்குள் மகளின் பாஸ்போர்ட்டுக்கான பேப்பர். "இதுல ஒப்பு போட்டுத் தாருங்க. நீங்க போடல்லேன்னாலும் வழி உண்டு, ஆனா எனக்கு அப்படிப் போக இஷ்டம் இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கவர் இப்போது ஷீட் விற்ற சீட்டுகளோடு தகரப் பெட்டியில் கிடக்கிறது. தம்பி சொல்கிறான், போடாதே என்று. கூட்டாளி ஒருவன், அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டி வந்தால் திருப்பிக் கொண்டு விடாதே, இங்கேயே பள்ளியில் சேர்த்துவிடு என்கிறான். மனைவியின் பிழைப்பைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. ஓ.இ.டி.க்கு அவள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் மகள் அங்கே போய்விட்டால் நான் அவளுக்கு யார்?

அவள் என் ஒப்பு இல்லாமல் கொண்டுபோக முடியுமா? நான் தடுக்க முடியுமா? தடுக்காமல், மகளையும் இழக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலைக்காரன்

அண்ணே, ஒப்பு போடவே போடாதீங்க. அப்பா சம்மதம் இல்லாமல் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது. பேப்பர் உங்கள் கையில் இருக்கும் வரைக்கும் அவர்கள் உங்களைத் தேடி வந்துதான் ஆக வேண்டும். பிள்ளை உங்களுக்கும் உரிமைப்பட்டதுதான்.

பழைய குமாஸ்தா, நாகர்கோவில்

தம்பி, 31 வருடம் நாகர்கோவிலில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் இல்லை, அதனால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு ஒரு வக்கீலையும் பாருங்கள்.

முதலில் உங்கள் கூட்டாளி சொன்னதை மறந்துவிடுங்கள். கொண்டு விட வேண்டிய பிள்ளையைக் கொண்டு விடாமல் வைத்துக்கொண்டால், மூன்று வருடம் நீங்கள் ஒழுங்காக நடந்தது அத்தனையும் ஒரே நாளில் போய்விடும். உங்கள் மனைவி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், பிள்ளையைக் கொண்டு வந்து நிறுத்தச் சொல்லி ஆட்கொணர்வு மனு போடலாம். போலீஸ் வீட்டு முற்றத்துக்கு வரும், அதைப் பிள்ளை பார்க்கும். அப்படி வந்த ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். மத்தியானம் வரைக்கும் அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. பல வருடம் ஆகிவிட்டது, இன்னும் எனக்கு அந்த மூடிச் சத்தம் கேட்கிறது.

தக்கலைத் தம்பி சொன்னதும் சரியல்ல. சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போடும் உறுதிமொழி ஒன்று உண்டு, அது அனெக்ஸர் டி. உங்களிடம் தந்தது அதுவாகத்தான் இருக்கும். மற்றவர் சம்மதம் தராதபோது ஒருவரே காரணம் எழுதி விண்ணப்பிக்கும் உறுதிமொழியும் உண்டு, அது அனெக்ஸர் சி. உங்கள் மனைவி "வழி உண்டு" என்றது இதைத்தான். விசாவுக்கும் மற்றவரின் சம்மதக் கடிதம் கேட்பது வழக்கம், அங்கேயும் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். ஆனால் ஒப்பு போடாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலே பிள்ளை போகாது என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் பிறகு அழுதுகொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்தில் உள்ள வழி 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் மற்றும் சிறார் சட்டம். எந்த மதத்தினருக்கும் அது பொது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் என்பது 1956-ஆம் வருடத்து இந்துச் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் கிறிஸ்தவர்கள், மகளுக்கும் எட்டு வயது, அதனால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த 1890-ஆம் வருடத்துச் சட்டத்தில் 9-ஆம் பிரிவுதான் உங்களுக்கு முக்கியம். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த இடத்துக் கோர்ட்டில்தான் மனு. இன்றைக்குப் பிள்ளை கருங்கல்லில் இருக்கிறது, ஆகவே நாகர்கோவில் குடும்ப நல நீதிமன்றம். ஒரு வருடம் அயர்லாந்துப் பள்ளியில் படித்த பிறகு நீங்கள் மனு போட்டால், பிள்ளை வசிக்கும் இடம் எது என்பதிலேயே வழக்கு நின்றுவிடும். அதனால் இப்போதே போடுங்கள். பெரிய மனுவோடு ஓர் இடைக்கால மனுவும் சேர்த்து, வழக்கு முடியும் வரை கோர்ட்டின் அனுமதி இல்லாமல் பிள்ளையை இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கேட்கலாம். உத்தரவு கிடைத்தால் அதன் நகலைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் கொடுக்க வேண்டும். வார இறுதியில் பிள்ளையைப் பார்க்கும் இப்போதைய ஏற்பாட்டையும் அதே மனுவில் கேட்டு எழுத்தாக்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வாய்ப்பேச்சுதான்.

இந்த மனுவைப் போட்டு அந்தப் பெண்ணின் பயணத்தையே நிறுத்திவிடலாம் என்று நினைத்தால் அது நடக்காது. நடக்கவும் கூடாது என்பது என் எண்ணம். 2010-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு போனது. தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை, தகப்பன் பிள்ளையை விட மறுத்தார். வேலைக்குப் போவதா, பிள்ளையை வைத்துக்கொள்வதா என்று ஒரு தாயைத் தள்ளக் கூடாது என்ற போக்கில் கோர்ட் அனுமதி கொடுத்தது. ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை பிள்ளையை இந்தியாவுக்குக் கொண்டு வந்து தகப்பனிடம் விட வேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் அது நடந்தது. பிள்ளை விஷயத்தில் எந்த உத்தரவும் கல்லில் எழுதியதல்ல, பிள்ளையின் நன்மைக்காக மாற்றலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னார்கள். 2020-ல் இன்னொரு வழக்கில், பெற்றோர் இருவரின் அன்பும் பிள்ளையின் உரிமை, பக்கத்தில் இல்லாதவர் தினமும் வீடியோவில் பேச வசதி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக, கோர்ட் இரண்டையும் பார்க்கும். நீங்கள் தடுக்கிறவராகப் போய் நிற்பதைவிட, வருடத்தில் தன் பங்கைக் கேட்கிற தகப்பனாகப் போய் நில்லுங்கள்.

இப்போது பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுமதியில்லாமல் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்ப 1980-ல் ஹேக் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அயர்லாந்து அதில் இருக்கிறது, இந்தியா இல்லை. அங்கே போன பிறகு சொன்னபடி பிள்ளையை அனுப்பாவிட்டால், அந்த ஒப்பந்தத்தைக் காட்டி நீங்கள் கேட்க முடியாது. அதனால்தான் இங்கே போடும் உத்தரவிலுள்ள நிபந்தனைகளை அந்த நாட்டுக் கோர்ட்டிலும் அதே மாதிரி உத்தரவாக வாங்கி வரச் சொல்லுவது. கண்ணாடி உத்தரவு என்பார்கள். 2020-ல் ஒரு பிள்ளையைத் தகப்பனோடு கென்யாவுக்கு அனுப்ப உச்ச நீதிமன்றம் இப்படித்தான் நிபந்தனை போட்டது. அதிலும் மோசடி நடந்திருப்பது தெரிந்து, 2021-ல் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. அதனால் உத்தரவு வந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. அந்த நாட்டுக் கோர்ட்டின் முத்திரையுள்ள நகல் உங்கள் வக்கீல் கைக்கு வர வேண்டும். அதன் பிறகுதான் பிள்ளை விமானம் ஏற வேண்டும்.

குடும்ப நல நீதிமன்றத்தில் முதலில் சமரசத்துக்குத்தான் அனுப்புவார்கள், சட்டமே அப்படி. உங்கள் இருவரையும் பார்த்தால் அங்கேயே முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிந்ததை உத்தரவாகப் பதிந்துகொள்ளுங்கள். அதில் எத்தனை நாள், எந்த மாதம், டிக்கெட் யார் செலவு, பாஸ்போர்ட் இங்கே வந்திருக்கும்போது யார் கையில், பள்ளி ரிப்போர்ட் உங்களுக்கும் வருமா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், எல்லாம் இருக்க வேண்டும். "வசதிப்படும்போது" என்ற வார்த்தை எங்கேயும் வரக் கூடாது. அந்த ஒரு வார்த்தையால் திரும்பக் கோர்ட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

பணம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாமியார் கையில் ரொக்கமாக என்றால் இன்றைக்கே நிறுத்திவிட்டு பேங்க் வழியாக அனுப்புங்கள். பள்ளி ஃபீஸ் ரசீது, நீங்கள் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போயிருக்கிறீர்கள் அல்லவா, அதைக் காட்ட பக்கத்து வீட்டார் ஒருவராவது சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறாரா என்று கேட்டு வையுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். நாகர்கோவில் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசமாக வக்கீல் தருவார்கள். உங்கள் மனைவி வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே உதவி கேட்கலாம், பெண்களுக்கு வரம்பு கிடையாது. 15100 என்ற நம்பரில் கூப்பிட்டும் கேட்கலாம்.

கார்க்கிலிருந்து ஒரு களியக்காவிளைக்காரி

அண்ணா, நான் அயர்லாந்தில் நர்ஸாக ஐந்து வருடமாக இருக்கிறேன். என் மகனும் இங்கே என்னோடுதான். அவன் அப்பா ஊரில். உங்கள் கேள்வியை டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது படித்தேன், இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

அண்ணாச்சி சட்டம் சொன்னார். நான் இங்குள்ள நாள் எப்படி ஓடும் என்று சொல்கிறேன், அதை வைத்து நீங்கள் கேளுங்கள்.

இங்கே ஆரம்பப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் லீவு. நம் ஊரில் அப்போது மழை. மழையில் வெட்டு எவ்வளவு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், எங்கள் வீட்டிலும் ரப்பர் உண்டு. உங்கள் மகள் ஊருக்கு வரும் காலமும் உங்களுக்குக் கை ஓய்வாக இருக்கும் காலமும் ஒன்றாக வருகிறது. ஏப்ரல், மே என்று நம் ஊர் லீவை நினைத்துக் கேட்டால் கிடைக்காது, அப்போது இங்கே வகுப்பு நடக்கும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் கிடைக்கும், ஆனால் டிக்கெட் விலை அப்போதுதான் கொடுமை. அதை ஒன்றுவிட்ட வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போன். இங்கே குளிர்காலத்தில் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை. பிள்ளை பள்ளி விட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு உட்கார மூன்று மணி ஆகிவிடும். அங்கே அப்போது குளிர்காலத்தில் இரவு எட்டரை. நீங்கள் படுக்கும் நேரம் அது. "தினமும் பேசலாம்" என்று எழுதி வைத்துவிட்டு, நீங்கள் கண் சொருகிக்கொண்டே பேசினால் பிள்ளைக்கு அது தெரியும். என் மகன் முதல் வருடம் அப்படித்தான், "அப்பாவுக்கு என்னோடு பேசும்போது உறக்கம் வருது" என்று சொல்லிச் சொல்லி போனை எடுப்பதையே குறைத்துவிட்டான். அவர் மேல் தப்பில்லை, நேரத்தின் மேல் தப்பு. அப்புறம் சனி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாற்றினோம். ஊரில் அது குளிர்காலத்தில் மத்தியானம் இரண்டரை. அவர் வேலை முடிந்து வந்திருப்பார். இப்போது ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். பேச்சு என்ன, போனைச் சாய்த்து வைத்துவிட்டு இவன் ஹோம்வொர்க் செய்வான், அவர் வெங்காயம் உரிப்பார். வார நாளில் ஐந்து நிமிடமும் வார இறுதியில் நீளமாகவும் என்று கேளுங்கள்.

தமிழ் எழுதப் படிக்க யார் சொல்லித் தருவது என்பதையும் பேசிவிடுங்கள். மூன்றாம் வகுப்பில் வரும் பிள்ளை இரண்டு வருடத்தில் எழுத்தை மறந்துவிடும். என் மகன் இப்போது பாட்டியின் கடிதத்தை என்னிடம் தந்து வாசிக்கச் சொல்கிறான்.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மனைவி நேரில் வந்து ஒப்பு கேட்டிருக்கிறார். அனெக்ஸர் சி-யில் போகத் தெரிந்த ஒரு பெண் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். நான் அப்படிக் கேட்கவில்லை. கேட்காமல் செய்தேன், அதற்கு எனக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் அந்தப் பேப்பரில் காரணம் எழுதிய இரவு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவரிடம் போய், என்ன வேண்டும் என்று நீங்கள் வாயைத் திறந்து சொன்னீர்களா?

பால்வெட்டு, குலசேகரம்

எல்லோருக்கும் நன்றி. தக்கலைத் தம்பிக்கும்தான், நீ என் பக்கம் நின்று சொன்னாய்.

களியக்காவிளைத் தங்கச்சி கேட்டதற்குப் பதில்: இல்லை, சொல்லவில்லை. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. அப்புறம் நாகர்கோவில் போய் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தேன், ஒரு வக்கீலம்மாவைப் போட்டிருக்கிறார்கள். மனு எழுதியாகிவிட்டது. ஆனால் தாக்கல் செய்வதற்கு முன்னால் நான் மனைவியைப் பார்க்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் தள்ளிப் போடாதீர்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை மகளைக் கூட்ட ஒரு மணி நேரம் முன்னாலேயே போனேன். மாமி காப்பி போட்டுத் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஜூலை, ஆகஸ்ட், வார நாளில் ஐந்து நிமிடம், சனி ஞாயிறு மத்தியானம் இரண்டரை மணிக்கு நீளமாக, ரிப்போர்ட் கார்டு, தமிழ். அதோடு, கோர்ட்டில் மனு போடப் போகிறேன், உன்னைத் தடுக்க இல்லை, இதெல்லாம் எழுத்தாக வேண்டும் என்பதற்காக என்று சொன்னேன். கோர்ட் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. பேப்பரை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். மறுபடியும் படித்தாள். "இதெல்லாம் உங்களுக்கு வேணும்னு எனக்குத் தெரியாது. நீங்க ஒண்ணும் மிண்டாம இருந்தா நான் என்ன நினைக்க?" என்றாள்.

ஜூலை, ஆகஸ்ட் முழுவதும் முடியாது என்கிறாள், அவளுக்கும் லீவு அப்போதுதான் கிடைக்கும், பிள்ளையோடு இருக்க வேண்டாமா என்று கேட்டாள். அது நியாயம்தான். ஆறு வாரம் என்னோடு என்று நின்றிருக்கிறது. டிக்கெட் போக ஒருவர், வர ஒருவர். அயர்லாந்துக் கோர்ட்டில் அதே உத்தரவு வாங்குவது பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, செலவு எவ்வளவு என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை, அண்ணாச்சி சொன்னபடி. அந்த உத்தரவு வந்த பிறகுதான் மகள் போவாள் என்று சொல்லிவிட்டேன். சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மனு தாக்கலாகிவிட்டது, வரும் வாரம் சமரசத்துக்குத் தேதி வரும் என்கிறார்கள். கவர் இன்னும் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. உத்தரவு கைக்கு வந்த அன்றைக்கு ஒப்பு போட்டுத் தருவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மகளுக்கு விஷயம் தெரியும், எங்களுக்கு முன்னாலேயே தெரியும் போலிருக்கிறது. சனிக்கிழமை ஒட்டுப்பால் உரிக்கும்போது, "அப்பா, பந்தை பிளேன்ல கொண்டு போகலாமா?" என்று கேட்டாள். நாறும் மக்களே, ஏற்ற மாட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். உள்ளே போய் தையல் நூலை எடுத்து வந்து, பந்தின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த இடத்தில் கடித்து அறுத்தாள். நூலைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்க உரிச்சுச் சுத்திக்கிட்டே இருக்கணும். நான் வந்து அளந்து பார்ப்பேன்" என்றாள். அன்றைக்கு இருபது மரத்தில் மூன்றுதான் அறுந்தது.

அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி மட்டும். சமரசத்தில் "ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆறு வாரம்" என்று எழுதினால் போதுமா?

பழைய குமாஸ்தா, நாகர்கோவில்

போதாது தம்பி. ஆறு வாரம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று எழுதுங்கள். பள்ளி மூடிய நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் பிள்ளை திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உங்கள் கையில் வர வேண்டும், திரும்பப் போகும் டிக்கெட் எப்போது எடுத்துக் காட்ட வேண்டும், எல்லாம் நாள் கணக்கில் வரட்டும். ஒரு வருடம் வர முடியாமல் போனால் அந்த நாட்களை எப்போது ஈடு செய்வது என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சமரசத் தேதியன்று அந்தப் பேப்பரையும் கொண்டு போங்கள், நீங்கள் கையால் எழுதிய அதே பேப்பரை.